காஜா பெராங்கில் ஒரு மொரான்வில்

3 ஜனவரி 1961, செவ்வாய்

காலையில் மலாக்கா நகராண்மைக் கழகக் கூட்டம். கால்வாய் துப்புரவும் பாசார் சந்தைக் கூரையும். இரண்டும் போன மாதமும் பேசியவைதாம். பத்திரிகைக்கு எட்டு வரி எழுதிக் கோலாலம்பூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன்.

திரும்பும்போது ஸ்கூட்டர் இருமி நின்றுவிட்டது. காஜா பெராங் முனையில் பொன்னுதுரையின் பட்டறை. தள்ளிக்கொண்டு போனேன்.

“ஸ்கூட்டருக்கு வயசாயிடுச்சிண்ணே. ஓட்டுறவருக்கும்தான்” என்றார்.

பொன்னுதுரை மலாக்காச் செட்டி; பல நூறு வருடத்துக்கு முன் இங்கே குடியேறிய தமிழர் வம்சம். வீட்டில் அவருக்கு மலாய்தான். தமிழ், பட்டறைக்கு வரும் நம்மவர்களிடம் பிடித்தது. கெட்ட வார்த்தைகளைத்தான் முதலில் பிடித்தாராம். பட்டறையின் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பந்தயக் கார் வைத்திருக்கிறார். சுதந்திரத்துக்கு மறுமாதம் ஊர் திரும்பிய தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போனது. மூன்று வருடமாக அதைக் கழற்றித் தேய்த்து, கிடைக்காத பாகங்களைத் தானே அடித்துச் செய்து, ஓட வைத்துவிட்டார். பிப்ரவரி ஐந்தாம் தேதி பத்து பெரெண்டாம் விமானத் தளத்தில் மோட்டார் கழகத்தின் பந்தயம். அதில் இறக்க ஆசை. ஓட்ட ஆள் இல்லை.

“நீயே ஓட்டலாமே?”

“எனக்குக் காருக்கு அடியில படுக்கத்தாண்ணே தெரியும். மேல ஒக்காந்தா மயக்கம் வருது.”

இன்று தார்ப்பாய் விலகியிருந்தது. காருக்குள் ஒரு வெள்ளைக்காரர். முப்பது வயது இருக்கும். எஞ்சின் ஓடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். டயர் கம்பெனி ஆள், பிரெஞ்சுக்காரர், பெயர் மார்ட்டின், தோட்டங்களில் ரப்பர் பார்க்க வந்தவர் என்று சொன்னார்கள். ஆயர் குரோ பக்கம் வாடகைக் கார் பழுதாகி இந்தப் பட்டறைக்கு வந்தாராம். நேற்றிலிருந்து பொன்னுதுரையின் அம்மா வீட்டுப் பின்னறையில் குடியிருக்கிறாராம்.

“ரெஸ்ட் ஹவுஸ் இருக்கே?”

“அங்க வெள்ளைக்காரனுங்களா இருக்கானுங்களாம்” என்றார் பொன்னுதுரை.

5 ஜனவரி, வியாழன்

மழை. செய்தி இல்லை. ஸ்கூட்டர் ஓடுகிறது.

8 ஜனவரி, ஞாயிறு

பத்து பெரெண்டாமில் காரை ஓட்டிப் பார்த்தார்கள். மார்ட்டின்தான் ஓட்டினார். பந்தயத்திலும் அவர்தானாம்.

எனக்குக் கார் தெரியாது. ஆனால் இருபத்தைந்து வருடமாக மனிதர்கள் வேலை செய்வதைப் பார்த்து எழுதி வருகிறேன். பழகின கை எது, பாவனை எது என்று ஓரளவு தெரியும். அந்த மனிதர் திருப்பத்துக்கு முன்னால் காரை அடக்கிய விதம், என் மனைவி அலமேலு பால் பொங்கும் நேரம் பார்த்துப் பாத்திரத்தை இறக்குவது மாதிரி இருந்தது. அவசரமே இல்லை, தாமதமும் இல்லை. ரப்பர் பார்க்க வந்தவருக்கு இந்தக் கை எப்படி வந்தது?

ஒரு சிறு செய்திக்காகப் பேசினேன். முழுப் பெயர் எதியேன் மார்ட்டின். வயது முப்பத்தொன்று. “தந்தையின் பெயர்?” என்று கேட்டேன்.

“அது எதற்கு?”

எங்கள் பத்திரிகையில் தந்தையின் முதலெழுத்து இல்லாமல் யார் பெயரும் அச்சேறாது என்று விளக்கினேன். முதலெழுத்து முன்னால் வரும், பிறகு அவரவர் சொந்தப் பெயர்.

“தந்தைக்கு ஒரே ஓர் எழுத்தா?”

“ஒரே ஓர் எழுத்து.”

சிரிக்க ஆரம்பித்தார். காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிரான்சில் எனக்குத்தான் ஓர் எழுத்து, மற்றதெல்லாம் என் தந்தை என்றார். சிரிப்பு அடங்கியதும் உண்மையான பெயரைச் சொன்னார். மொரான்வில்.

எனக்குத் தெரிந்த பெயர். போருக்கு முன் சினிமாக் கொட்டகையில் படத்துக்கு முன்னால் காட்டும் செய்திச் சுருளில் பார்த்திருக்கிறேன். பந்தயத்தில் வென்ற இவருடைய தந்தை: பெரிய மீசை, கழுத்தில் மாலை, சுற்றிலும் கூட்டம். இன்னொரு வாரம் அதே கொட்டகையில் அவருடைய கார் எரிந்ததையும் காட்டினார்கள். மூத்த மகன் போருக்குப் பின் பந்தயத்தில் செத்ததைப் பத்திரிகையில் படித்தேன். அவர்கள் பெயரிலேயே கார்த் தொழிற்சாலை இருக்கிறது. இவர் இளையவர்.

“எழுதாதீர்கள்” என்றார். கெஞ்சவில்லை. ஒரு காரணமும் சொல்லவில்லை.

யோசித்தேன். சரி என்றேன். ‘மா. எதியேன் என்ற பிரெஞ்சுக்காரரும் கலந்துகொள்கிறார்’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

10 ஜனவரி, செவ்வாய்

காரணத்தை இன்று சொன்னார். பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம், நான் கேட்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் பிரான்சில் ஒரு பெரிய பந்தயம். கார்கள் வரிசையில் நின்றுவிட்டன. அப்போதுதான் பார்த்தாராம்: அவருடைய காரில் தந்தையின் எண்ணைப் போட்டிருந்தார்கள். பதினேழு. தந்தை எரிந்த காரின் எண். தொழிற்சாலையை நடத்தும் சித்தப்பாவின் ஏற்பாடு, கௌரவம் என்று நினைத்தார்களாம். இவர் இறங்கி, கையுறையைக் கழற்றி, நடந்து போய்விட்டார். காரணம் தெரியாமல் ‘நடந்து போன மொரான்வில்’ என்று எழுதினார்கள். பயந்தவன் என்றார்கள். அதற்குப் பிறகு பந்தயத்துக்குப் போகவில்லை.

“அது பயமா, கோபமா என்று எனக்கே தெரியவில்லை. யாருக்கும் தெரியாத ஊரில், யாருமில்லாதவனாக ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் தெரியும் என்று தோன்றியது.”

ஓட்ட முடிந்தால் திரும்பிப் போய்த் தொழிற்சாலைக்கு ஓட்டுவார். முடியவில்லை என்றால் ரப்பர் பார்ப்பார். பெயர் வெளியே வந்துவிட்டால் இந்தச் சோதனையே வீண்.

மாலையில் பத்திரிகை ஆசிரியர் கோலாலம்பூரிலிருந்து போன் செய்தார். “மலாக்காவில் கால்வாயைத் தவிர வேற ஒண்ணும் நடக்கறதில்லையா, கலியாணசுந்தரம்?”

இல்லை என்றேன்.

13 ஜனவரி, வெள்ளி

நாளை பொங்கல். இன்று செட்டிகள் கம்பத்தில், அவர்களுடைய குடியிருப்பில், பார்ச்சு. செத்தவர்களுக்குப் படைக்கும் நாள். பக்கத்துத் தெருக்காரன் என்று என்னையும் சாப்பிடக் கூப்பிடுவது பொன்னுதுரையின் அம்மா சந்திரமதியின் வழக்கம். படையல் வீட்டாருக்கு மட்டும். நான் முன் வராந்தாவில் உட்காருவேன். ஜன்னல் வழியே தெரியும்.

வாழையிலைகள் போட்டிருந்தார்கள். செத்தவர்களுக்கு எது பிடிக்குமோ அதுதான் இலையில் விழும். சந்திரமதியின் கணவருக்கு மிளகாய்ச் சம்பலும் கோழியும் ஒரு கிளாஸ் கறுப்புப் பீரும். “உயிரோட இருக்கறப்ப ஒளிச்சுக் குடிச்சாரு. இப்ப நானே ஊத்தித் தர்றேன்” என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

வீட்டில் குடியிருப்பதால் எதியேனும் உள்ளே, சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சந்திரமதி திரும்பி ஏதோ கேட்டார். பொன்னுதுரை ஆங்கிலத்தில் சொன்னார்: “உங்க அப்பாவும் போயிட்டாராமே. ஓர் இலை போடவான்னு அம்மா கேக்கறாங்க.”

அவர் தயங்கித் தலையசைத்தார். புது இலை விழுந்தது.

“அவருக்கு என்ன பிடிக்கும்?”

எதியேன் இலையைப் பார்த்தார்.

அந்த மனிதருக்குத் தந்தை ஓட்டிய ஒவ்வொரு பந்தயமும் தெரியும். எந்த ஊரில் எந்தத் திருப்பத்தை எந்த வேகத்தில் எடுத்தார் என்பது தெரியும். நேற்று முன்தினம் எனக்கே சொன்னார். என்ன சாப்பிடுவார் என்பது தெரியவில்லை. முகம் சிவந்துவிட்டது. சந்திரமதி கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். அவசரப்படுத்தவில்லை.

“முட்டை” என்றார் கடைசியில். “அவித்த முட்டை. ஒரு முறை காருக்குப் பக்கத்தில் நின்று உரித்துச் சாப்பிட்டார். எனக்குப் பாதி கொடுத்தார். உப்பு அதிகம்.”

சந்திரமதி அடுக்களைக்குப் போய் முட்டை அவித்து எடுத்து வந்தார். பக்கத்தில் உப்பும் வைத்தார். சாம்பிராணி போட்டார்கள்.

அந்த வீட்டு வழக்கப்படி இலைக்கு உரியவரின் பெயரை வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். கூப்பிடாதவர் வரமாட்டார். மாமனார், மாமியார், கணவர் என்று சந்திரமதி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுவிட்டுப் பிரெஞ்சுக்காரரைப் பார்த்தார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏனென்றால் வராந்தாவில் என் பக்கத்தில் ஜெயபாலன் உட்கார்ந்திருந்தார். மோட்டார் கழகத்தின் செயலாளர். நுழைவுத் தாளில் கையெழுத்து வாங்க அப்போதுதான் வந்திருந்தார். வெளிநாட்டு மோட்டார் பத்திரிகை ஒன்று விடாமல் படிக்கிற ஆள்.

என்ன செய்திருக்க முடியும்? இருமினேன். ஜன்னலை நோக்கிக் கையைக் கூடக் காட்டினேன். எதியேன் என்னைப் பார்த்தார், ஜெயபாலனையும் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டார். தந்தையின் முழுப் பெயர். தெளிவாக, பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்வது போல. குஸ்தாவ் மொரான்வில்.

பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்தார்கள். வந்தவர்கள் சாப்பிடும்வரை யாரும் உள்ளே இருக்கக் கூடாது.

ஜெயபாலன் என் கையைப் பிடித்தார். “அண்ணே… அந்த மொரான்வில்லா?”

14 ஜனவரி, சனி

பொங்கல். ஜெயபாலனிடம் காலையிலேயே போய்ப் பேசினேன். அவர் கெட்டவர் இல்லை. கழகத்தை வளர்க்க வேண்டும் என்று அலைகிறவர்.

“நான் ஒண்ணும் திருடலண்ணே. அவரு வாயால சொன்னத கேட்டேன். ரெண்டு வருசமா பந்தயத்துக்கு ஆள் சேக்க நாயா அலையறேன். வீட்டு வாசல்ல யானைய கொண்டாந்து நிறுத்திட்டு, பாக்காதேங்கறீங்க.”

பெயர் தெரியாமல் ஓட்டத்தான் அந்த மனிதர் விரும்புகிறார் என்பதையும் சொன்னேன். பதினேழின் கதையைச் சொல்லவில்லை. அது என்னுடையது இல்லை.

யோசிக்கிறேன் என்றார். யோசிக்கமாட்டார்.

17 ஜனவரி, செவ்வாய்

சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. மொரான்வில் என்ற பெயர், எழுத்து ஒவ்வொன்றும் முழ உயரம். சிங்கப்பூர் ஆங்கிலப் பத்திரிகையில் முதல் பக்கச் செய்தி.

ஆசிரியர் போனில் கத்தினார். “பக்கத்துத் தெருவுல இருக்கீங்க! நமக்கு ஒரு வரி இல்ல!” ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? இத்தனை வருடத்தில் ஒரு பெரிய செய்தி வாசல் தேடி வந்தது. விட்டுவிட்டேன். அதற்காகத் தூக்கம் கெடவில்லை என்று எழுதினால் பொய். கொஞ்சம் கெட்டது.

எதியேனைப் பார்த்தேன். கோபம் இல்லை. “ஜெயபாலன் இருப்பது தெரிந்தே கூப்பிட்டீர்களே?” என்று கேட்டேன்.

“முட்டை ஆறிக்கொண்டிருந்தது” என்றார்.

24 ஜனவரி, செவ்வாய்

சிங்கப்பூரிலிருந்து மொரான்வில் கார்களின் ஏஜெண்ட் வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை, இந்த வெயிலில். சித்தப்பாவின் செய்தியோடு வந்திருக்கிறார்.

பட்டறையில் நானும் இருந்தேன். ஆங்கிலத்தில்தான் பேசினார், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று. ஜூன் மாதம் பிரான்சில் நடக்கும் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில் தொழிற்சாலையின் முதல் கார் எதியேனுக்கு. பழையதெல்லாம் மறந்தாகிவிட்டது. ஒரே நிபந்தனை: இந்த விளையாட்டிலிருந்து விலக வேண்டும். ஒரு மொரான்வில் இப்படிப்பட்ட சாமானில் உட்கார்ந்தான் என்று படம் வரக் கூடாது. உட்கார்ந்தால் ஜூன் மாதக் கார் வேறொருவருக்கு.

பொன்னுதுரை கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “சாமான்னு எதச் சொல்றாரு?”

நான் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கும் ஆங்கிலம் தெரியும்.

எதியேன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இது சிறிய விஷயம் இல்லை. அந்தக் காருக்காகத்தான் அவர் தன்னைச் சோதித்துப் பார்க்கவே இந்த ஊருக்கு வந்தார். இப்போது சோதனை இல்லாமலே அது கிடைக்கிறது. நடந்து போனால் போதும், இன்னொரு முறை.

25 ஜனவரி, புதன்

பொன்னுதுரை கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார். கார்புரேட்டரிடம் மட்டும் பேசுகிறார்.

31 ஜனவரி, செவ்வாய்

ஜெயபாலனுக்குக் கண் உள்ளே போய்விட்டது. பெயரை நம்பி டிக்கெட் விற்றிருக்கிறார். மூவாரிலிருந்து லாரியில் வருகிறார்களாம். “வருவாரா அண்ணே? நீங்க கேட்டுச் சொல்லக் கூடாதா?” நான் கேட்கவில்லை. சந்திரமதி கேட்டிருக்கிறார். அதுவும் எப்படி? ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு வீட்டிலா, திடலிலா என்று.

திடலில் என்றாராம்.

5 பிப்ரவரி, ஞாயிறு

மறக்குமுன் எழுதிவிட வேண்டும்.

காலையிலேயே வெயில். நான் போனபோது கார்களைத் தள்ளிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். பத்துக் கார்கள். சிரம்பான் பல் டாக்டர், கோலாலம்பூர் ஈயச் சுரங்கக்காரர் மகன், பட்டர்வொர்த்திலிருந்து ஓர் ஆஸ்திரேலியச் சார்ஜெண்ட். பொன்னுதுரையின் காருக்கு ஐந்தாம் எண் என்று முந்தாநாள் நானே எழுதி அனுப்பியிருந்தேன்.

காரில் பதினேழு இருந்தது. இரண்டு பக்கமும், முன்னாலும். புத்தம்புது வெள்ளைப் பெயிண்ட்.

ஜெயபாலனைத் தேடிப் பிடித்தேன். என்னய்யா செஞ்சு வச்சிருக்க?

“மரியாதைண்ணே. ஏஜெண்ட் ஒரு பழைய போட்டோ காட்டினாரு. அவங்கப்பா கார்ல பதினேழு. இப்பத்தான் பெயிண்டடிச்சோம். எப்படி இருக்கு?” முகமெல்லாம் சிரிப்பு. நம்மவர்கள் கௌரவிக்க ஆரம்பித்தால் யாரையும் கேட்பதில்லை.

மேடையில் ஏஜெண்ட் உட்கார்ந்திருந்தார். கூட்டம் கயிற்றை முட்டிக்கொண்டு நின்றது. எதியேன் கையுறையை மாட்டியபடி நடந்து வந்தார். காருக்கு ஐந்தாறு அடி முன்னால் நின்றுவிட்டார்.

எண்ணைப் பார்த்தார். இந்த இடத்தில் நான் அவர் மனத்தில் என்ன ஓடியது என்று எழுதக் கூடாது, எனக்குத் தெரியாது. பார்த்ததை எழுதுகிறேன். இடது கையுறையைக் கழற்றினார். பொன்னுதுரை குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். நான் முடிந்தது என்று நினைத்தேன். எதியேன் கழற்றிய கையால் எண்ணின் மேல் ஒரு விரலை வைத்து எடுத்தார். விரல் நுனி வெள்ளையாகியிருந்தது.

“ஜெயபாலனுக்கு நன்றி சொல்லுங்கள்” என்றார் என்னிடம். “பெயிண்ட் இன்னும் காயவில்லை.”

விரலைச் சட்டையில் துடைத்தார். கையுறையை மாட்டினார். ஏறி உட்கார்ந்தார்.

கொடி விழுந்தது. பத்துக் கார்கள் ஒரே நேரத்தில் கிளம்பியபோது ஓடுபாதையின் ஓரத்துச் செம்மண் எழுந்து முன்வரிசை முழுதும் காணாமல் போயிற்று. அது அடங்கி முதல் சுற்று திரும்பி வந்தபோது அவர் ஏழாவது. மூன்றாம் சுற்றில் ஆறாவது. யாரையும் இடித்துத் தள்ளவில்லை. முன்னால் போனவர்கள் தாங்களாகவே அகலமாகத் திரும்பினார்கள். இவர் உள்ளே நுழைந்தார்.

அதற்குள் ஒரு வேடிக்கை. காயாத பெயிண்டில் செம்மண் அப்பிக்கொண்டது. பதினேழும் இல்லை, ஐந்தும் இல்லை. வெறும் சிவப்பு வட்டம். சுற்றுக்கணக்கு எழுத ஆசிரியைகளை உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் தெருச் சீதா டீச்சர் எழுந்து நின்று, “நம்பரே தெரியலைங்க, இதை என்னான்னு எழுதறது?” என்று கூவினார்.

ஒலிபெருக்கிக்காரர் யோசித்தார். “பொன்னுதுரை காருன்னு எழுதுங்க டீச்சர்!”

அதற்குப் பிறகு ஒலிபெருக்கியில் அப்படித்தான் வந்தது. இப்போது வருவது பொன்னுதுரை கார். பொன்னுதுரை கார் ஐந்தாவது. பொன்னுதுரை, கயிற்றோரம், இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். காருக்குள் உட்காராமலே மயக்கம்.

முடிவு: நான்காவது. வென்றவர் சிரம்பான் பல் டாக்டர்.

கூட்டம் ஏமாந்துபோனது. “நாலாவதப் பாக்கவா மூவார்லேருந்து வந்தோம்?” “பேரு பெத்த பேரு, காரு ஓட்டறது எங்க பெரியப்பா மாரி.” சந்திரமதி குடையை மடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி, மலாயில், “உன் பெரியப்பாவக் கூட்டியா, பாக்கலாம்” என்றார். பையன்கள் நகர்ந்துவிட்டார்கள்.

ஏஜெண்ட் மேடையிலிருந்து இறங்கி வந்தார். “மொரான்வில் குடும்பத்தில் நான்காவது என்று ஓர் இடம் கிடையாது” என்றார்.

“இன்றிலிருந்து இருக்கிறது” என்றார் எதியேன்.

ஏஜெண்ட் தன் பெரிய காரில் ஏறிப் போனார். கதவை அடித்துச் சாத்தவில்லை. மரியாதையான மனிதர்தான்.

வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எதியேனின் முகத்தில் கண்ணாடி இருந்த இடம் தவிர எங்கும் செம்மண். நான் பத்திரிகைக்காக இல்லாமல் கேட்டேன்: பயமாக இருந்ததா?

“முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை. பிரான்சிலும் இதே பயம்தான். இப்போதுதான் அடையாளம் தெரிகிறது.” சோற்றைப் பிசைந்தார். அவருக்கு இன்னும் கையால் சாப்பிட வரவில்லை. “பயம் இருந்தது. ஓட்டவும் முடிந்தது. இரண்டும் ஒரே காரில் உட்காரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.”

6 பிப்ரவரி, திங்கள்

பத்து வரி அனுப்பினேன். வென்றவர், சுற்றுகள், கூட்டம், நான்காம் இடம். குடும்பத்தைப் பற்றி இரண்டு வரி சேர்த்து, அடித்துவிட்டேன். ஆங்கிலப் பத்திரிகையில் தலைப்பு: ‘மொரான்வில் தோல்வி’. தப்பில்லை. அதுவும் ஒரு கணக்கு.

11 பிப்ரவரி, சனி

தந்தி வந்துவிட்டது. ஜூன் மாதக் கார் சித்தப்பா மகனுக்கு. எதியேன் படித்தார், மடித்துப் பையில் வைத்தார். இன்று முழுவதும் பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. சந்திரமதி இரண்டு தடவை காப்பி வைத்து, இரண்டு தடவையும் எடுத்துக் கொட்டினார்.

வருத்தம் இல்லாமல் இருக்குமா? முப்பத்தொரு வருடம் அந்தக் கார்தான் வாழ்க்கை என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

12 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் வெளியே வந்து, பொன்னுதுரையிடம் அடுத்த பந்தயம் எங்கே என்று கேட்டாராம்.

“ஜொகூர்ல. ஆனா கியர் பெட்டி செத்துப்போச்சே.”

“அதற்கு எத்தனை நாள்?”

“நீ புடிச்சா சீக்கிரம் முடியும்.”

என்னிடம் தமிழில் சொல்லும்போது பொன்னுதுரை அவரை நீ என்று ஆக்கிவிட்டார்.

13 ஜூன், செவ்வாய்

ஊரெல்லாம் மலேசியா என்ற பேச்சு. சிங்கப்பூர், வட போர்னியோ, சரவாக் எல்லாம் சேருமா, சேராதா? நாலு பக்கம் எழுதியும் முடியவில்லை.

ஆங்கிலப் பத்திரிகையில் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தின் செய்தி. மொரான்வில் முதல் கார் மூன்றாம் மணி நேரத்தில் சுவரில் மோதி நின்றுவிட்டது. எதியேனிடம் காட்டினேன். சித்தப்பா மகனுக்கு அடியா என்று கேட்டார். அடி இல்லை என்று போட்டிருந்தது. உட்கார்ந்துகொண்டார். “அவன் சின்னவன். இருபத்திரண்டு வயது” என்றார். அவனுக்கு எழுதப் போவதாகச் சொன்னார்.

ஜொகூரில் ஆறாவது என்பதை இங்கே எழுதாமல் விட்டிருக்கிறேன். சேர்த்துக்கொள்கிறேன்.

24 செப்டம்பர், ஞாயிறு

சிங்கப்பூரில் மூன்றாவது. வாரநாளில் ரப்பர், ஞாயிற்றுக்கிழமை கார். டயர் கம்பெனி அவரை இங்கேயே வைத்துக்கொண்டது. எதியேனின் அம்மா பிரான்சிலிருந்து ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாராம். சந்திரமதியும் அவரும் ஒரு மொழியும் பொதுவாக இல்லாமல் அடுக்களையில் ஒரு பகல் முழுவதும் பேசிக்கொண்டிருந்ததாகப் பொன்னுதுரை சொன்னார். நான் அப்போது தம்பினில் ரயில் விபத்துச் செய்திக்குப் போயிருந்தேன். பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

28 ஜனவரி 1962, ஞாயிறு

பத்து பெரெண்டாமில் இந்த வருடப் பந்தயம். ஜெயபாலன் சுவரொட்டியில் யார் பெயரையும் போடவில்லை; தேதியும் இடமும் மட்டும். கூட்டம் போன வருடத்தை விடக் குறைவில்லை. கயிறு மட்டும் இப்போது இரட்டை.

கச்சாங் பூத்தே விற்கிறவரின் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். காகிதச் சுருளில் கடலை வாங்கிய ஒருவர், வெளியூர்க்காரர், மகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தவர், வரிசையைக் காட்டிக் கேட்டார்.

“அந்த ஒசரமான வெள்ளைக்காரன் யாருங்க?”

“அதுவா? பொன்னுதுரை கார ஓட்டுறவரு” என்றார் கடலைக்காரர்.

“பெரிய ஆளா?”

“அதெல்லாம் இல்ல. காஜா பெராங்லதான் இருக்காரு.”

“நல்லா ஓட்டுவாரா?”

கடலைக்காரர் அடுத்த சுருளை மடித்தார். “பரவால்ல. கார முழுசா வீட்டுக்குக் கொண்டாந்துடுவாரு.”

வெளியூர்க்காரர் என்னைப் பார்த்தார், சரிதானா என்பது போல. சரி என்றேன். கொடி தூக்கிவிட்டார்கள். கடலை வாங்கிக்கொண்டு இடம் பிடிக்கப் போனேன்.